இடி முழங்கும்போது தோட்டத்தில் நிற்கலாமா?

கேள்வி: வட மாகாணத்துக்கு மின்னல் எச்சரிக்கை என்று கைத்தொலைபேசியில் அடிக்கடி செய்தி வருகிறது. ஆனால் எங்கள் பக்கம் வெயில் எறிக்கிறது. சில நாள்களில் ஒரு துளி மழையும் விழுவதில்லை. இதை எப்படி எடுத்துக்கொள்வது? தோட்டத்தில் நிற்கும்போது இடி முழங்கினால் பனையின் கீழோ மோட்டர் கொட்டிலிலோ ஒதுங்கலாமா? (வாசகர், புத்தூர்)

பதில்: 2020 டிசெம்பரில் வந்த புரெவி போன்ற சூறாவளி வங்கக்கடலில் உருவாகி நகர்வதை நாள்கணக்கில் பின்தொடர முடியும். இடிமுகில் அப்படியல்ல. ஏப்ரலிலும், ஒக்டோபர், நவெம்பரிலும் வரும் இடைப்பருவ காலத்தில், காற்று பலமிழந்திருக்கும் பிற்பகல்களில், வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து ஈரக்காற்று மேலெழுந்து ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே பெருமுகிலாகத் திரண்டு, சில கிலோமீற்றர் பரப்பில் மட்டும் கொட்டிவிட்டுக் கலைந்துவிடக்கூடும். அது புத்தூரில் திரளுமா, கொடிகாமத்தில் திரளுமா என்று காலையிலேயே சொல்ல இயலாது என்பதால்தான் வளிமண்டலவியல் திணைக்களம் மாகாணம், மாவட்டம் என்ற அளவில் எச்சரிக்கிறது. உங்கள் காணியில் மழை பெய்யாததால் எச்சரிக்கை பொய்த்ததாகாது. அத்தகைய நாளில் இறைப்பு, மருந்தடிப்பு முதலிய வேலைகளை மதியத்துக்கு முன் முடித்துக்கொள்ளுங்கள். கடல்நீரேரியில் தொழில் செய்வோரும் பிற்பகலுக்கு முன் கரை சேர்வது நல்லது.

உங்கள் காணிக்கென்றே வரும் எச்சரிக்கை இடிமுழக்கம். ஒலி ஒரு கிலோமீற்றரைக் கடக்க ஏறத்தாழ 3 செக்கன் ஆகும். மின்னலைக் கண்டு 30 செக்கனுக்குள் முழக்கம் கேட்டால் அது 10 கிலோமீற்றருக்கு உட்பட்ட தூரத்தில் இருக்கிறது. அந்தத் தூரத்திலிருந்து அடுத்த மின்னல் உங்கள் தலைக்கு மேல் மழையே இல்லாதபோதும் தாக்கலாம். ஆகவே மழைக்காகக் காத்திராமல் முதல் முழக்கத்துடனேயே தோட்டத்தை விட்டு வெளியேறுங்கள். கடைசி முழக்கம் கேட்டு 30 நிமிடங்கள் கழியும்வரை திரும்பிப் போகாதீர்கள். மழை விட்டதும் மண்வெட்டியுடன் இறங்கும் வழக்கத்தை நான் மிகவும் அஞ்சுகிறேன்.

பனையின் கீழ் ஒருபோதும் ஒதுங்க வேண்டாம். நமது சமதரையில் மிக உயர்ந்து நிற்பது பனையும் தென்னையுமே. அவற்றில் விழும் மின்னல் அருகில் நிற்பவர் மீது பக்கவாட்டில் பாய்வதுடன் நிலத்தின் வழியாகவும் பரவும். மரத்தடியில் கட்டிய மாடுகள் இறப்பதும் இவ்வாறுதான். மோட்டர் கொட்டில் மழையைத் தடுக்கும், மின்னலைத் தடுக்காது. மின்கம்பியும் இரும்புக் குழாயும் அங்கே ஆபத்தைக் கூட்டுகின்றன. முழுமையாகச் சுவர் எழுப்பிய வீடோ, கண்ணாடிகள் மூடிய வான், பேருந்து போன்ற வாகனமோதான் பாதுகாப்பு. சைக்கிள், உழவு இயந்திரம், முச்சக்கரவண்டி, வள்ளம் எதுவும் பாதுகாப்பல்ல. போக இடமே இல்லையென்றால் மரம், துலா, முட்கம்பி வேலி ஆகியவற்றை விட்டு விலகிப் பாதங்களைச் சேர்த்துக் குந்தியிருங்கள், நிலத்தில் படுக்காதீர்கள். இது ஆபத்தைச் சற்றுக் குறைக்குமேயன்றி நீக்காது.

வீட்டினுள் மின்சாதனங்களின் இணைப்பை முகில் நெருங்கும் முன்பே கழற்றிவிடுங்கள். முழக்கம் ஓயும்வரை குளியல் வேண்டாம். மின்னேற்றியில் பொருத்தாத கைத்தொலைபேசியால் தீங்கில்லை.

கேள்வி: மின்னல் தாக்கியவரைத் தொட்டால் நமக்கும் மின்சாரம் பாயுமா? (வாசகி, ஊர்காவற்றுறை)

பதில்: பாயாது. அவருடைய உடலில் மின்சாரம் தங்கியிருப்பதில்லை. இந்த அச்சத்தால் தயங்கும் நிமிடங்களில் காப்பாற்றக்கூடிய உயிர் போய்விடலாம், ஏனெனில் மின்னலால் இதயமும் சுவாசமும் திடீரென நின்றுவிடக்கூடும். உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். மூச்சு இல்லையெனில் நெஞ்சின் நடுவில் இரு கைகளாலும் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்திக்கொண்டே இருங்கள். அறுந்த மின்கம்பி அவர்மீது கிடந்தால் மட்டும், மின்சாரம் துண்டிக்கப்படும்வரை அருகில் செல்லாதீர்கள்.