பேர் விழாத வேலை

கேள்வி: நான் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலை ஆசிரியை. இரண்டு பிள்ளைகள். கோடை விடுமுறை வந்தால் ஆற அமர வாசிக்கலாம், எழுதலாம் என்று காத்திருப்பேன். வந்ததும் வீடு நிறைய ஆள். கொழும்பிலிருந்து நாத்தனார் குடும்பம், கொழுந்தன்மார், பிறகு எல்லோரையும் கூட்டிக்கொண்டு நுவரெலியா சீசன். ஒரு பக்கம்கூட எழுத முடிவதில்லை. எழுத்தையே தொழிலாக எடுத்துக்கொள்ளவும் ஆசை. நம் மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் போன்றவர்கள் வேலையும் குடும்பமும் வைத்துக்கொண்டுதானே எழுதினார்கள்? எனக்கு மட்டும் ஏன் முடியவில்லை?
— டீச்சர் ஒருவர், அட்டன்

பதில்: முதலில் ஒரு சின்னத் திருத்தம், டீச்சர். இலங்கையில் நமக்கேது கோடை? தமிழ்நாட்டுப் பத்திரிகைகளை வாசித்து ஒட்டிக்கொண்ட சொல் அது. நமக்கு இருப்பது ஏப்ரல் லீவு, ஆகஸ்ட் லீவு, டிசம்பர் லீவு. ஆகஸ்டில் உங்கள் பக்கம் துவைத்த துணி காயாது. சீசன் என்பதும் ஏப்ரலில் குதிரைப் பந்தயம் பார்க்க நுவரெலியாவுக்குப் போன வெள்ளைக்காரத் துரைமார் விட்டுப்போன பழக்கம். அதே ஏப்ரலில்தான் மழை விழுந்து கொழுந்து கொட்டத் தொடங்கும். உங்களிடம் படிக்கும் பிள்ளைகளின் தாய்மாருக்கு வருஷப்பிறப்போடு லீவு சரி. உங்கள் வீட்டுக்காரருக்கு அது விடுமுறை. உங்களுக்கு அடுப்படிக்கு இடமாற்றம். பாடசாலை இடமாற்றம் என்றால் மேன்முறையீடு எழுதியிருப்பீர்கள், இதற்கு எழுதவில்லை.

உங்கள் கடிதத்தை மேலே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். வந்தது நாலு பக்கம். மேலே 'ஏப்ரல் 14, இரவு 11 மணி' என்று இருக்கிறது. வருஷப்பிறப்பு அன்று, வீடு கொள்ளாத ஆட்களுக்கு நடுவே, நாலு பக்கம்! அடித்தல் திருத்தல்கூட ஒன்றிரண்டுதான். மனக்குறையை எழுதக் கிடைத்த நேரம் கதைக்கு மட்டும் கிடைக்கவில்லையா? கோபம் வரும். வரட்டும்.

தெளிவத்தை ஜோசப் கொழும்பில் கணக்கு வேலை பார்த்துக்கொண்டே எழுதினார், உண்மைதான். சி.வி. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினர், அதோடு தொழிற்சங்கக்காரர். அவரும் எழுதினார், தோட்டத்துப் பாட்டுகளையும் தேடிச் சேர்த்தார். ஆனால் நம் ஆண் எழுத்தாளர்களைப் பற்றிய குறிப்புகளில் பிறந்த தோட்டம் இருக்கும், வாங்கிய பரிசு இருக்கும், வீட்டில் தேங்காய் துருவியது யார் என்று இருக்காது. என்னைப் பற்றிய குறிப்பிலும் இருக்காது. அந்தத் தராசில் உங்களை நிறுக்க வேண்டாம். யாரையாவது நினைக்கத்தான் வேண்டுமென்றால் மீனாட்சி அம்மையை நினையுங்கள். தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டிய கோ. நடேசய்யரின் மனைவி, பாட்டெழுதி, தொழிலாளர் கூட்டங்களில் தானே எழுந்து நின்று பாடியவர்.

தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு ஒரு கணக்கு மறக்காது. எவ்வளவு நேரம் மலையில் நின்றாலும் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் பேர் விழுந்தால்தான் அது வேலை. பறித்த கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர், அரைநாள் சம்பளம். எங்கள் அம்மா மலையிலிருந்து வந்து, கூடைக்கயிறு பதிந்த உச்சந்தலையைத் தேய்த்துக்கொண்டே அடுப்பை ஊதுவார். அந்த வேலைக்குச் செக்ரோல் இல்லை. அரைப்பேர் என்றால் கணக்கப்பிள்ளையோடு மல்லுக்கு நிற்கும் அப்பா, இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. உங்கள் எழுத்தும் இப்போது அந்த அடுப்பு வேலை மாதிரிதான். அதற்குப் பேர் போடாதவர் நாத்தனார் என்கிறீர்கள். இரண்டாம் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள்? "கதை எழுதுகிறேன் என்று சொல்லக் கூச்சம், பாடக்குறிப்பு எழுதுகிறேன் என்று சொல்லிவிடுவேன்." வீட்டில் ஒருவருக்கும் தெரியாத வேலைக்கு யார் வழிவிடுவார்கள், டீச்சர்?

"லீவுதானே, எழுதேன்" என்கிறாராம் வீட்டுக்காரர். நல்ல மனிதர். ரொட்டி மாவை அவரிடம் கொடுங்கள். கட்டச்சம்பல் இடிக்கக் கொழுந்தன்மார் இருக்கிறார்கள். ரொட்டி கருகும், சம்பலில் உப்பு கூடும், மாமியார் முகம் கொஞ்சம் மாறும். சாப்பிட்டுவிடுவார்கள். அடுத்த முறை நுவரெலியாவுக்கு வேன் புறப்படும்போது நீங்கள் ஏற வேண்டாம். கிரகரி வாவி எங்கேயும் போய்விடாது, சீசன் நெரிசலில் வேனுக்குள் குந்தியிருக்கும் நேரத்தில் அரைக் கதை எழுதலாம்.

தொழில் என்று கேட்டீர்கள். ஆசிரியர் வேலையை விட்டுவிடாதீர்கள். இந்த நாட்டில் தமிழில் எழுதுகிறவர் சொந்தக் காசில் புத்தகம் போட்டு, வெளியீட்டு விழாவில் முதற்பிரதி வாங்க ஒரு முதலாளியைத் தேடி, மிச்சத்தைக் கட்டிலுக்கடியில் தள்ளி வைக்கிறவர். நாங்கள் அனுப்பும் சன்மானம் அட்டனிலிருந்து கண்டிக்குப் போய்வர பஸ் காசுக்குக் காணும், அதுவும் சில மாதங்களில். வாசிப்புக்கு லீவு வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. நூலகம் இணையத்தளத்தில் நம்முடைய பழைய புத்தகங்களும் சஞ்சிகைகளும் காசில்லாமல் கிடைக்கின்றன. வருஷப்பிறப்பு வாழ்த்துப் படங்களைத் தள்ளிக்கொண்டிருக்கும் அதே போனில்தான்.

இனி மூன்றாம் பக்கம். கொழும்பில் துணிக்கடையில் நிற்கும் நாத்தனார் மகள், விடியற்காலையில் தண்ணீர் விழும் பீலிக்கரைக்கு வருகிறாள். போன் நனையக் கூடாதென்று அதைச் சோப்புத்தூள் பைக்குள் சுற்றிக் கல்லில் வைத்துவிட்டு, அம்மாயி கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குத் துணியைக் கும்மித் துவைக்கிறாள். தேயிலைக் கறை போகவில்லை. கடையில் கறை போகும் மருந்து இருக்கிறது, அடுத்த முறை வாங்கி வருகிறேன் என்கிறாள். "கறை போனா இது யார் படங்குன்னு எப்படிடி தெரியும்?" என்கிறாள் கிழவி. பன்னிரண்டே வரி. அதன் கீழே "இப்படியே என் காலை நேரம் வீணாய்ப் போனது" என்று முடித்திருக்கிறீர்கள்.

அந்தக் கடைசி வரியை அடித்துவிட்டேன். மற்றப் பன்னிரண்டு வரிகளின் பிரதியைத் தபாலில் அனுப்புகிறேன். அதற்கு மேல் வருவது அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் என் மேசைக்கு வந்தாக வேண்டும். அதில் உங்கள் பேரைப் போடுங்கள். 'டீச்சர் ஒருவர்' என்று வந்தால் பிரசுரிக்க மாட்டேன்.