பேச்சுப் பதிவும் மேற்கோள் காட்டுதலும்: கேள்வி பதில்

வகுப்புக்குப் பேச்சைப் பதிவு செய்து அனுப்புகிறவர்கள், ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்கள் என்று இரண்டு பக்கத்திலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்பதால் கலந்தே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐந்து நிமிடப் பேச்சை வீடியோவாக அனுப்ப வேண்டும். மூன்று ஆதாரங்களையாவது பேச்சிலேயே சொல்ல வேண்டுமாம். கடைசி ஸ்லைடில் பட்டியல் போட்டால் போதாதா மேடம்?

போதாது. கட்டுரை படிப்பவர் அடைப்புக்குறியைப் பார்த்துவிட்டுக் கடைசிப் பக்கத்துக்குப் போய்த் திரும்பி வரலாம். காதால் கேட்பவர் அந்த நொடியிலேயே இதை நம்பலாமா என்று முடிவு செய்துவிடுகிறார். ஆகவே யார் சொன்னது, அவருக்கு என்ன தகுதி, எப்போது சொன்னது என்ற மூன்றும் தகவலுக்கு முன்னால் வரட்டும். உதாரணமாக: "உலகச் சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி தேவை." ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். பக்க எண், இணைய முகவரி எல்லாம் வாயால் சொல்ல வேண்டியதில்லை, அவை எழுத்துப் பட்டியலுக்குப் போகட்டும். "ஓர் ஆய்வு சொல்கிறது", "கூகுளில் பார்த்தேன்" என்பதெல்லாம் ஆதாரக் கணக்கிலேயே வராது.

கேள்வி: ஓரிடத்தில் பெயர் சொல்ல விட்டுப்போனால் அது அவ்வளவு பெரிய குற்றமா?

1987-ல் நடந்ததைக் கேளுங்கள். அமெரிக்க அதிபர் வேட்பாளர் ஆவதற்கான போட்டியில் அப்போது ஜோ பைடன் இருந்தார். பிரிட்டிஷ் தொழிற்கட்சித் தலைவர் நீல் கின்னக்கின் பேச்சு ஒன்று அவருக்குப் பிடித்துப்போய், தன் கூட்டங்களில் எடுத்தாண்டார். முன்பு கின்னக்கின் பெயரைச் சொல்லியே பேசியிருக்கிறார். ஆகஸ்ட் மாதம் அயோவாவில் பேசியபோது பெயரைச் சொல்லவில்லை. அந்தப் பேச்சும் பதிவாகியிருந்தது, கின்னக்கின் பேச்சும் பதிவாகியிருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அதிக நேரம் ஆகவில்லை. சட்டக் கல்லூரி நாட்களில் சரியாக ஆதாரம் காட்டாமல் எழுதிய கட்டுரை விவகாரமும் கூடவே வெளியே வந்தது. செப்டம்பரில் போட்டியிலிருந்து விலகினார்.

உங்கள் வகுப்பில் இவ்வளவு நடக்காது, மதிப்பெண்தான் போகும். ஆனால் மேடையில் பேசுகிறவருக்கு இல்லாத வசதி உங்களுக்கு இருக்கிறது: அனுப்புவதற்கு முன் ஒருமுறை போட்டுக் கேட்டு, விட்டுப்போன பகுதியை மறுபடி பதிவு செய்யலாம். வெட்டி ஒட்டாமல் ஒரே தொடர்ச்சியாகத்தான் இருக்க வேண்டும் என்று ஆசிரியர் சொல்லியிருந்தால், முழுவதையும் திரும்பப் பேசத்தான் வேண்டும்.

கேள்வி: எழுதி வைத்துப் படிக்கலாமா? ஐந்து நிமிடத்துக்கு எத்தனை வார்த்தை?

படித்தால் கண் ஓடுவது கேமராவில் தெரிந்துவிடும். குறிப்புச் சொற்களைப் பெரிய எழுத்தில் எழுதி லென்சுக்குப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். மேற்கோள்களை மட்டும் அப்படியே படிக்கலாம், படிக்கவும் வேண்டும். வார்த்தைக் கணக்கு: ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 130 முதல் 150 என்பார்கள். தமிழில் உருபெல்லாம் ஒட்டிக்கொண்டு சொற்கள் நீளமாக இருப்பதால் அது பொருந்தாது. ஒரு பக்கத்தை உரக்கப் படித்துக் கடிகாரத்தில் அளந்து பாருங்கள்.

கேள்வி: குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருக்கிறது. நல்ல மைக் வாங்க வேண்டுமா?

முதலில் மைக்கின் அருகில் வாருங்கள், ஒரு சாண் தூரம் போதும். வெறும் சுவர் உள்ள அறையை விட்டுவிட்டு, துணிமணி, திரைச்சீலை, மெத்தை இருக்கும் அறையில் பேசுங்கள். எதிரொலி பெரும்பாலும் இதிலேயே அடங்கிவிடும். ஜன்னல் உங்கள் முன்னால் இருக்கட்டும், பின்னால் இருந்தால் முகம் கறுத்துத் தெரியும். அரை நிமிடம் சோதனைப் பதிவு செய்து ஹெட்போனில் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

கேள்வி: யூடியூப்பில் இருக்கும் ஒரு பழைய உரையை மேற்கோள் காட்டுகிறேன். ஆசிரியர் என்று யாரைப் போடுவது? பேசியவரையா, சேனலையா?

நிறையப் பேர் தடுமாறும் இடம் இது. ஏ.பி.ஏ. முறையில் (அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்த மேற்கோள் முறை), வீடியோவை ஏற்றியவர் அல்லது சேனலின் பெயர்தான் ஆசிரியர் இடத்தில் வரும். பார்க்க விசித்திரமாக இருக்கும், ஆனால் படிப்பவர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியது அந்தப் பதிவைத்தானே. ஆண்டும் ஏற்றிய ஆண்டுதான். அதனால் பேசியவர் பெயரையும் பேசிய நாளையும் உங்கள் வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். "மார்ட்டின் லூதர் கிங் 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் பேசியபோது" என்று எழுதினால், அடைப்புக்குறிக்குள் வேறு பெயரும் வேறு ஆண்டும் இருந்தாலும் யாரும் குழம்பமாட்டார்கள். எம்.எல்.ஏ. (நவீன மொழிச் சங்கம்) வகுத்த இன்னொரு மேற்கோள் முறையில் பேசியவர் பெயரிலேயே தொடங்கலாம். உங்கள் துறை எந்த முறையைக் கேட்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பக்க எண்ணுக்குப் பதில், மேற்கோள் தொடங்கும் நிமிடமும் நொடியும் போட வேண்டும். அப்புறம், வீடியோவுக்குக் கீழே தானாக ஓடும் தானியங்கி வசனத்தை நம்பி எழுதாதீர்கள். காதால் கேட்டே எழுதுங்கள். சில சேனல்கள் உரையை வெட்டிச் சுருக்கி, பின்னணி இசை வேறு சேர்த்து வைத்திருக்கும். ஆவணக்காப்பகத்தில் முழுப் பதிவு கிடைத்தால் அதையே எடுங்கள்.

கேள்வி: ஒருவரை நானே பேட்டி எடுத்துப் பதிவு செய்தேன். அதைப் பட்டியலில் சேர்ப்பதா?

ஏ.பி.ஏ. முறையில் சேர்க்கக் கூடாது. வேறு யாரும் போய்ப் பார்க்க முடியாத ஆதாரம் அது. கட்டுரைக்குள் பெயர், 'நேரடித் தகவல்', தேதி ஆகியவற்றை மட்டும் குறிப்பிடுங்கள். உங்கள் ஆய்வில் பங்கேற்றவர்களின் பேச்சு என்றால் கணக்கே வேறு: அது உங்கள் தரவு. அடையாளத்தை மறைப்பதாக வாக்குக் கொடுத்திருந்தால் பெயர் எங்குமே வரக் கூடாது. எப்படியானாலும் பதிவைத் தொடங்கும் முன் அனுமதி கேளுங்கள், பொத்தானை அழுத்தியதும் அந்தச் சம்மதத்தை மறுபடி சொல்ல வையுங்கள்.

கேள்வி: வார்த்தைகளை மாற்றி எழுதிவிட்டேன். இன்னும் ஆதாரம் காட்ட வேண்டுமா?

கருத்து அவருடையதுதானே? காட்டத்தான் வேண்டும். வாக்கிய அமைப்பை அப்படியே வைத்து வார்த்தையை மட்டும் மாற்றுவது, ஆதாரம் காட்டினாலும் திருட்டுக் கணக்கில்தான் சேரும். மூல நூலை மூடிவிட்டு எழுதுங்கள், பிறகு திறந்து ஒப்பிடுங்கள்.

கேள்வி: ஏஐ-யிடம் கேட்டேன், பத்து ஆதாரங்களைப் பட்டியலாகவே கொடுத்துவிட்டது. பயன்படுத்தலாமா?

ஒவ்வொன்றையும் திறந்து படித்த பிறகு பயன்படுத்தலாம். இல்லாத கட்டுரைக்கு உண்மையான இதழின் பெயரையும், உண்மையான ஆய்வாளரின் பெயரையும் பொருத்தித் தருவது அவற்றின் வழக்கம். இணையத்தில் கட்டுரைகளுக்குக் கொடுக்கும் நிரந்தர அடையாள எண்தான் டிஓஐ, அது 10 என்று தொடங்கும். அதை டிஓஐ தளத்தில் போட்டால் வேறு கட்டுரை திறக்கிறதா, ஒன்றுமே திறக்கவில்லையா என்று உடனே தெரியும். திறந்தாலும், நீங்கள் சொல்லும் விஷயம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: கட்டுரை மற்றவர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று மென்பொருள் தரும் ஒற்றுமை அறிக்கையில் 18 சதவீதம் காட்டுகிறது. தப்பா சார்?

மேடம். எண்ணை வைத்து மட்டும் சொல்ல முடியாது. சரியாக மேற்கோள் குறி போட்ட வரிகளும், பட்டியலும்கூட அந்த 18-க்குள் வந்திருக்கலாம். அறிக்கையைத் திறந்து, நிறம் போட்ட பகுதிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். குறியும் பெயரும் இல்லாத பத்தி ஒன்றே ஒன்று இருந்தாலும் அதைத் திருத்திவிட்டு அனுப்புங்கள்.