ஹெவி மெட்டல் கிட்டாரிஸ்ட்கள் கிளாசிக்கல் இசையிலிருந்து எடுத்துக்கொண்டது வேகத்தை மட்டும்தானா?

இல்லைங்க. வேகம்தான் முதலில் கண்ணில் படும், அதனால் எல்லோரும் அதையே சொல்கிறார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டதில் பெரிய விஷயம், ஒரு ஸ்வரம் அடுத்த ஸ்வரத்துக்காக ஏங்கும் அந்த இழுப்பு.

நான் கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். சின்ன வயதில் பொள்ளாச்சியில் ஒரு வாத்தியாரம்மாவிடம் ஐந்து வருடம் வயலின் கற்றுக்கொண்டேன். காலேஜ் போனதும் மனசு கிட்டார் பக்கம் போய்விட்டது. ஒரு லீவில் ஊருக்குப் போனபோது, ஸ்வீடன் மெட்டல் கிட்டாரிஸ்ட் இங்வே மால்ம்ஸ்டீனின் 1984 ஆல்பத்தைக் கேசட்டில் வாத்தியாரம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். சத்தத்துக்கே எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். கண்ணை மூடிக் கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, "இது கீரவாணிதானே கண்ணு, எங்க புடிச்சே?" என்றார்.

அன்று ராத்திரியே கிட்டாரை எடுத்துத் தேடினேன். மேற்கில் ஹார்மோனிக் மைனர் என்கிற ஸ்வர வரிசையும் நம் கீரவாணி ராகமும் ஒரே ஏழு ஸ்வரம்தான். ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகம் இல்லாததால் அதை ராகம் என்று சொல்லிவிட முடியாது, அது தனிப் பேச்சு. கிட்டார் இருந்தால் இதைச் செய்து பாருங்கள். ஏ ஸ்வரத்தை ஸா என்று வைத்துக்கொண்டால், முதல் தந்தியின் ஒன்றாம் ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிதான் ஃப்ரெட்) சுத்த தைவதம், நாலாம் ஃப்ரெட்டில் காகலி நிஷாதம், ஐந்தில் மேல் ஸா. தைவதத்திலிருந்து நிஷாதத்துக்கு ஒரு தாவல், அங்கிருந்து ஸாவுக்கு ஒட்டினாற்போல் ஓர் அடி. நாலாம் ஃப்ரெட்டிலேயே விரலை நிறுத்திவிட்டுச் சும்மா இருந்து பாருங்கள், இருக்க முடியாது. இந்த நிஷாதம் இருந்தால்தான் பஞ்சமத்தின் மேல் கட்டும் கார்டு (பல ஸ்வரம் சேர்ந்து ஒலிப்பது) மேஜர் என்கிற பளிச்சென்ற வகையாகும், ஸாவுக்குத் திரும்பச் சொல்லி இழுக்கும். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் காலத்து ஐரோப்பிய இசை முழுக்க இந்த இழுப்பில்தான் ஓடுகிறது.

மெட்டலுக்குள் இதை முதலில் அழுத்தமாகக் கொண்டுவந்தவர்களில் ரிச்சி பிளாக்மோர் முக்கியமானவர். அவர் வாசித்த டீப் பர்ப்பிள் குழுவின் 1972 பாட்டு 'ஹைவே ஸ்டார்' சோலோவுக்குப் (கிட்டார் தனியாக முன்னே வரும் பகுதி) பாக் பாணி கார்டு வரிசையை எடுத்துக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். கிட்டாரிஸ்ட் எடி வான் ஹேலன் 1978-இல் வாசித்த 'இரப்ஷன்' நடுவில், வயலின் மாணவர்கள் பழகும் க்ரூட்ஸர் பயிற்சி ஒன்று எட்டிப் பார்க்கும். மால்ம்ஸ்டீன், பழைய இத்தாலிய வயலின் மேதை பாகனினியின் வயலின் எழுத்தையே கிட்டார் தந்திக்கு இறக்கியவர்.

மால்ம்ஸ்டீன் கிட்டாரில் ஃப்ரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குழிவாகச் செதுக்கியிருப்பார்கள். விரல் மரத்தில் படாது, தந்தி மட்டும்தான் விரலுக்குக் கிடைக்கும். வீணையில் தந்தி மரத்துக்கு மேலே உயர்ந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். பட்டறையில் ஒரு பழைய கிட்டாரை வைஸில் துணி சுற்றிப் பிடித்து, அரைவட்ட அரத்தால் ஒவ்வொரு கட்டமாக ராவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலும் ஸ்வரம் மேலே ஏறிவிடுகிறது. கை லேசாக விழ வேண்டும் என்று வாத்தியாரம்மா ஐந்து வருடம் சொன்னதை அந்தக் கிட்டார் ஒரே வாரத்தில் பழக்கிவிட்டது.

பிளாக் சாபத் குழுவின் கிட்டாரிஸ்ட் டோனி அயோமியை இந்தப் பேச்சில் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். அவர்களின் 1970 ஆல்பத்தில் வரும் முதல் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சின்ன கிட்டார் வரி) மூன்றே ஒலி: ஸா, மேல் ஸா, பிரதி மத்யமம். அதற்கு விதை, பேஸ் வாசித்த கீசர் பட்லருக்கு ஆங்கிலேய கிளாசிக்கல் இசையமைப்பாளர் ஹோல்ஸ்டின் 'மார்ஸ்' மேல் இருந்த பிடிப்பு. அயோமி பர்மிங்ஹாமில் தகட்டு வேலை செய்யும் தொழிற்சாலையில் இருந்தவர். 17 வயதில் மெஷினில் வலது கையின் இரண்டு விரல் நுனி போய்விட்டது. இடது கைக்காரர் என்பதால் அவருக்குத் தந்தியை அழுத்தும் கையே அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டு வாசித்தார். பவர் பிரஸ்ஸில் விரல் கொடுத்தவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். அதனால் அந்த ரிஃப்பை என்னால் வெறும் சத்தமாகக் கேட்க முடிவதில்லை.

எனக்கு இவர்களில் மிகவும் பிடித்தவர் ராண்டி ரோட்ஸ். அம்மா நடத்திய இசைப் பள்ளியில் வளர்ந்து, அங்கேயே பாடம் எடுத்தவர். பாடகர் ஆஸி ஆஸ்போர்னோடு ஊர் ஊராகப் போனபோதும், போன ஊரில் கிளாசிக்கல் கிட்டார் ஆசிரியரைத் தேடிப் பிடித்துப் பாடம் கேட்பாராம். 1982 மார்ச்சில் விமான விபத்தில் இறந்தபோது வயது 25தான்.

நீங்கள் கேட்க ஆரம்பிப்பதாக இருந்தால் அவர் ஆஸியோடு வாசித்த 1980 பாட்டு 'மிஸ்டர் க்ரௌலி'யின் கடைசி சோலோவிலிருந்து ஆரம்பியுங்கள். கிட்டாரைக் கொஞ்சம் மறந்துவிட்டு, அடியில் நகரும் கார்டுகளைக் கவனியுங்கள். டி மைனரில் தொடங்கி, கார்டுகளின் அடி ஸ்வரம் ஜி, சி, எஃப், பி ஃப்ளாட், ஈ என்று ஒவ்வொன்றாக நகர்ந்து கடைசியில் ஏ-யில் வந்து நிற்கும். முதலில் ஏ முழுசாகத் திறக்காது, ஒரு நொடி தயங்கும். அப்புறம் உள்ளே ஒரு ஸ்வரம் மட்டும் அரை அடி இறங்கி மேஜராகும். டி-யை ஸா என்று வைத்தால், அந்த ஸ்வரம் நம் காகலி நிஷாதம்.