முதல் நாளில் பார்த்த ஊர்

அன்புள்ள டீச்சர்,

எனக்குக் குமரி மாவட்டத்தில் திருவட்டாறு பக்கம். வேலை பெங்களூரில். இந்த ஜனவரியில் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு தனியாக வியட்நாம் போனேன். முதல் வெளிநாட்டுப் பயணம். ஹனோயில் இறங்கியதும் டாக்ஸிக்காரர் ஏமாற்றினார். அங்கே 20,000 டாங் நோட்டும் நீலம், 5,00,000 டாங் நோட்டும் நீலம். ஒரு கடையில் மாற்றிக் கொடுத்துவிட்டேன், திரும்பி வரவில்லை. ரோட்டைத் தாண்ட முடியவில்லை. எங்கே பார்த்தாலும் மீன் நாற்றம். யாரும் சிரிப்பதில்லை, ஆனால் வயது என்ன, கல்யாணம் ஆச்சா என்று மட்டும் எல்லாரும் கேட்டார்கள். சானிடைசர் போட்டுப் போட்டு என் கைத்தோலே உரிந்துவிட்டது. ஹாஸ்டலில் தங்கியிருந்த மற்ற நாட்டுக்காரர்களும் இதையேதான் சொன்னார்கள். அவர்களோடு உட்கார்ந்து புலம்பிய நேரம்தான் ஒரே ஆறுதல். பத்து நாள் திட்டத்தை மூன்றாம் நாளே முடித்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்து ஜார்ஜியா போக ஆசை. கல்ச்சர் ஷாக் வராமல் இருக்க என்ன தயாரிப்பு வேண்டும்? நான் பயணத்துக்கு லாயக்கில்லாதவளா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: இல்லை. தனியாகக் கிளம்பிப் போன பிள்ளை நீ. அந்தத் தைரியம் மூன்று நாள் அழுததால் போய்விடாது.

மற்றவை சின்ன விஷயங்கள். ரோட்டைத் தாண்ட, மெதுவாக ஒரே சீராக நட. நடுவில் நிற்காதே, ஓடாதே. பைக்குகள் உன்னைச் சுற்றிக்கொண்டு போகும். பெரிய நோட்டுகளைத் தனியாக வை. ஜனவரியில் ஹனோயில் தூறலும் குளிருமாக இருக்கும், 15 டிகிரிக்குக் கீழேகூட இறங்கும். குமரிக்காரப் பிள்ளை பருத்திச் சட்டையோடு போய் இறங்கினால் உடம்பு நடுங்கத்தான் செய்யும். உடம்பு நடுங்கினால் மனசும் கூடவே நடுங்கும். யாரும் சிரிக்கவில்லை என்கிறாய். காலை எட்டு மணிக்கு நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் உன்னைப் பார்த்து யார் சிரிக்கிறார்கள்?

மீன் நாற்றம் என்று எழுதியதை மட்டும் நான் விடமாட்டேன். அது நுவொக் மாம். நெத்தோலியையும் உப்பையும் பீப்பாயில் போட்டு மாதக்கணக்கில் ஊறவைத்து வடிக்கிற சாறு. அதே நெத்தோலியைத்தான் நம் கடற்கரையில் மணலில் காயப்போடுகிறார்கள். கருவாட்டுக் குழம்பு கொதிக்கிற ஊரிலிருந்து போன பெண், இன்னொருவர் வீட்டுச் சாப்பாட்டை நாற்றம் என்று எழுதலாமா? எனக்குக் கோபம் வந்தது.

ஆனால் நான் பதில் எழுத உட்கார்ந்தது அந்த ஹாஸ்டல் புலம்பலுக்காக. போன மாதம் கன்னியாகுமரியில், கண்ணாடிப் பாலத்துக்குப் போகும் படகு வரிசைக்குப் பக்கத்தில், வெளிநாட்டுப் பிள்ளைகள் நாலைந்து பேர் நம் ஊரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். அழுக்கு, ஏமாற்று, முறைத்துப் பார்க்கிறார்கள். நீ ஹனோயைப் பற்றி எழுதிய அதே பட்டியல். அன்றிலிருந்து அது மனசில் கிடந்து உறுத்துகிறது.

கல்ச்சர் ஷாக் என்ற பேச்சைப் பரவலாக்கியவர் கலெர்வோ ஓபெர்க் என்ற மானிடவியலாளர். 1954-ல் ரியோ டி ஜெனிரோவில் ஒரு பெண்கள் சங்கக் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசினார். ஓயாமல் கை கழுவுவது, தண்ணீரையும் சாப்பாட்டையும் படுக்கையையும் நினைத்துப் பயப்படுவது, எல்லாரும் ஏமாற்றுவார்கள் என்ற எண்ணம், வீட்டுக்குப் போனால் போதும் என்ற தவிப்பு. இவையெல்லாம் அவர் சொன்ன அறிகுறிகள். உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சொன்னது போல இருக்கிறது, இல்லையா? எப்போது கை கொடுப்பது, யாரிடம் எப்படிப் பேசுவது என்று நம் ஊரில் யோசிக்காமலே நமக்குத் தெரிகிற ஆயிரம் சின்ன விஷயங்கள் சட்டென்று இல்லாமல் போவதுதான் காரணம் என்றார். இன்னொன்றும் சொன்னார். வெளிநாட்டுக்காரர்கள் கூடி உட்கார்ந்து அந்த ஊரைக் குறை சொல்கிறார்களா, அவர்களுக்குக் கல்ச்சர் ஷாக் வந்துவிட்டது என்று அர்த்தம். நீ ஆறுதல் என்று நினைத்தது ஆறுதல் இல்லை மக்களே. ஒருவர் பயத்தை இன்னொருவர் வளர்த்துவிட்டீர்கள்.

1979-ல் கன்னியாகுமரிக்கு ரயில் வந்தபிறகு, முதுகுப்பைக்காரர்கள் அதிலும் வந்து இறங்குவார்கள். ஸ்டேஷனிலிருந்து கோயிலுக்குப் போகிற வழியில் என் அம்மா சாயாக்கடை வைத்திருந்தாள். நான் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு அம்மாவுக்கு மொழிபெயர்ப்பேன். ஒரு நாள் டென்மார்க்கிலிருந்து வந்த ஒருத்தி, சாயாவின் விலையைக் கேட்டதும் சண்டைக்கு வந்தாள். வழியில் யாரோ அவளிடம் அதிகம் வாங்கியிருக்கிறார்கள். அம்மா எல்லாரிடமும் வாங்குகிற காசைத்தான் கேட்டாள். அவள் சில்லறையைப் பெஞ்சில் வீசிவிட்டுப் போனாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா காசைப் பொறுக்கிக்கொண்டே, “களைச்சு வந்த பிள்ளை. பசி தீந்தா கோவமும் தீந்திரும்” என்றாள்.

மறுநாள் சூரிய உதயம் பார்க்க விடியுமுன்னே கிளம்பியவளுக்கு வேறு கடை திறந்திருக்கவில்லை. வந்தாள். அம்மா கட்டன் சாயாவைக் கையில் கொடுத்துவிட்டு என்னைக் கேட்கச் சொன்னது என்ன தெரியுமா? வயசு எத்தனை, கல்யாணம் ஆச்சா, அம்மா இருக்காளா. அவள் முகம் சிவந்துபோனது. போலீஸ் விசாரணை போல நினைத்திருப்பாள். வயசு தெரிந்தால்தானே மகளே என்று கூப்பிடுவதா, தங்கச்சி என்று கூப்பிடுவதா என்று அம்மாவுக்குத் தெரியும்! வியட்நாமிலும் அதுதான் காரணம். அங்கே எதிரில் இருப்பவர் அக்காவா தங்கையா, சித்தியா பெரியம்மாவா என்று தெரியாமல் ஒரு வாக்கியம் பேசுவதே கஷ்டம். உன்னிடம் வயது கேட்டவர்கள் உன்னைத் தங்கள் உறவுமுறைக்குள் சேர்க்கப் பார்த்தார்கள். நீ கதவைச் சாத்திவிட்டாய்.

அந்த டென்மார்க்காரி அப்புறம் தினமும் வந்தாள். அடுப்படியில் அம்மாவோடு குந்தி உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கு உரித்தாள். மேல்தோலைக் கீறி, உள்ளே இருக்கிற ரோஸ் நிறத் தோலையும் சேர்த்து ஒரே சுருளாக உருவ வேண்டும். அவளுக்குத் துண்டு துண்டாகத்தான் வந்தது. அம்மா அவள் கையைப் பிடித்துக் கத்தியைத் திருப்பிக் காட்டினாள். அவித்த கிழங்கை நெத்தோலிக் குழம்பில் தொட்டு, கண்ணில் தண்ணீர் வர வரச் சாப்பிட்டாள். அவளோடு ரயிலில் வந்தவர்கள் லாட்ஜ் மொட்டைமாடியில் உட்கார்ந்து நம்மைத் திட்டிக்கொண்டிருந்துவிட்டுக் கோவளம் போய்விட்டார்கள்.

முதல் நாளில் நீ பார்த்தது யாரை? விமான நிலைய வாசலில் ஆள் பிடிக்கிறவரை, ஹாஸ்டல் கவுண்டரில் இருப்பவரை, பயணிகள் தெருவில் கடை போட்டவரை. ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்த்து அலுத்தவர்கள் அவர்கள். கன்னியாகுமரியில் சங்கு மாலை விற்கிறவர்களை மட்டும் பார்த்துவிட்டு ஒருவர் உன் ஆத்தாவையும் திருவட்டாற்றையும் எடைபோட்டால் நீ சும்மா இருப்பாயா? சுற்றுலா ஊர் இருக்கிற மாவட்டத்தில் பிறந்த உனக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதுதான் எனக்கு ஆற்றாமை.

ஜார்ஜியா இருக்கட்டும், பிறகு போகலாம். அக்டோபர் கடைசியில் திரும்ப ஹனோய்க்கே போ. அப்போது அங்கே நல்ல பருவம். ஹாஸ்டலில் தூங்க மட்டும் செய். ஃபோ என்பது அவர்களுடைய நூடுல்ஸ் சூப்; தினமும் காலையில் ஒரே ஃபோ கடையில், அந்தக் குட்டை பிளாஸ்டிக் ஸ்டூலில் போய் உட்கார். மாட்டிறைச்சி வேண்டாமென்றால் கோழி போட்டதைக் கேள். எண்ணிக்கை, நன்றி, சாப்பிட்டாச்சா, இவ்வளவாவது அவர்கள் பாஷையில் கற்றுக்கொண்டு போ. வயது கேட்டால் சொல்லு, அவர்கள் வயதையும் கேள். திரும்பி வந்ததும் எனக்கு நீளமாக ஒரு கடிதம் எழுது மக்களே.

அன்புடன்,
டீச்சர்