கார்வெட் என்ற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரின் 1963 கூபே (நிலையான கூரை உள்ள வகை) ஒன்று ‘அசல் நிலையில் பாதுகாக்கப்பட்டது’ என்ற விளம்பரத்தோடு விற்பனைக்கு வந்தால், எதைப் பார்த்து நம்புவது?

படங்களில் பளபளக்கும் பெயின்ட்டைக் கடைசியாகப் பாருங்கள். கார்வெட்டின் வெளியுடல் தகரம் அன்று, ஃபைபர் கிளாஸ், அது துருப்பிடிக்காது. ஆகவே உள்ளிருக்கும் எஃகுச் சட்டம் அரித்துப்போன வண்டியைக்கூடப் பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, குறையே தெரியாமல் நிறுத்திவிட முடியும். இந்தக் கார்கள் தயாரான செயின்ட் லூயிஸ் நகரத்துக்குப் பக்கத்தில் வசிப்பதால், வாங்க நினைக்கும் நண்பர்களோடு நானும் வண்டி பார்க்கப் போவதுண்டு. கீழே எழுதியிருப்பவை அப்படிப் போகும்போது நாங்கள் பார்ப்பவை.

முன்கண்ணாடி, கதவுகள், கூரை ஆகியவற்றைத் தாங்கி நிற்கும் அந்த எஃகுச் சட்டத்தை இத்துறையினர் ‘பேர்ட்கேஜ்’ என்பார்கள். முன்கண்ணாடியின் கீழ்மூலைகளில் கசியும் நீர் பக்கவாட்டுக் கம்பத்தின் உள்ளே இறங்கி, கால் வைக்கும் இடத்தின் ஓரத்தில் தேங்கி, அங்கிருந்துதான் அரிப்பைத் தொடங்குகிறது. கதவுக்கு முன்னால், கால்மாட்டுப் பக்கவாட்டில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியின் திருகுகளைக் கழற்றி டார்ச் அடித்தால், உடலைச் சேசிஸோடு (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) பிணைக்கும் போல்ட் கண்ணுக்குத் தெரியும். அதைச் சுற்றியுள்ள எஃகு மேலோட்டமான பழுப்பு நிறத்தோடு உறுதியாக இருந்தால் கவலையில்லை; ஏடு ஏடாக உரிந்து வந்தால் வண்டியின் விலையைப் பற்றிப் பேசவே வேண்டாம், ஏனென்றால் அதைச் சீர்செய்ய உடலையே பிரித்தெடுக்க நேரலாம்.

அடுத்தது, இந்த ஆண்டு மாடலின் புகழுக்குக் காரணமான பின்கண்ணாடி. 1963-க்கு முன் கார்வெட்டில் திறந்த வண்டி மட்டுமே உண்டு. கூபே வந்தது அந்த ஆண்டில்தான். கூரையிலிருந்து பின்வால் வரை ஓடும் முதுகெலும்புக் கோடு பின்கண்ணாடியை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்பதில் ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவர் பில் மிட்செல் பிடிவாதமாக இருந்தார். பின்னால் வரும் வண்டி தெரியாது என்று பொறியாளர் சோரா ஆர்க்கஸ்-டன்டோவ் எதிர்த்தார். மிட்செல் சொன்னதே நடந்தது, ஆனால் ஓராண்டுக்குத்தான். 1964-இல் ஒற்றைக் கண்ணாடி வந்துவிட்டது. (ஓட்டிப் பார்த்தால் டன்டோவ் பக்கம்தான் நியாயம் என்று தோன்றும்; நின்று பார்த்தால் மிட்செல் பக்கம் சாய்ந்துவிடுவோம்.) 1963 மாடலாகத் தயாரான கூபேக்கள் 10,594. அவற்றில் சிலவற்றின் உரிமையாளர்கள், தங்கள் வண்டி பழைய மாடலாகத் தெரியக்கூடாது என்று பின்கண்ணாடியைப் பிரிக்கும் நடுத்தண்டை அறுத்தெடுத்து 1964-இன் கண்ணாடியைப் பொருத்திக்கொண்டார்கள். விலை ஏறியபின் அதே வண்டிகளில் தண்டு திரும்பவும் ஒட்டப்பட்டது. அதனால் நடுத்தண்டு கூரையோடும் பின்பகுதியோடும் சேரும் இடங்களை உள்பக்கத்திலிருந்து ஆராய வேண்டும். சக்கர வளைவுகளுக்குள்ளும் கைவிட்டுத் தடவிப் பாருங்கள்: தொழிற்சாலைப் பலகங்கள் அச்சில் அழுத்தி வார்க்கப்பட்டவை என்பதால் உள்பக்கமும் வழவழப்பாக இருக்கும், விபத்துக்குப் பின் மாற்றிய பலகங்கள் பெரும்பாலும் கையால் இழை அடுக்கிச் செய்தவை, சொரசொரவென்று இருக்கும்.

எஞ்சின் விஷயத்தில் ஏமாற்று அதிகம். எல்லா வண்டியிலும் 327 கன அங்குல வி8 எஞ்சின்தான். ஆனால் திறன் 250, 300, 340, 360 குதிரைத்திறன் என நான்கு வகை. கூபேயின் அடையாள எண் 30837 என்று தொடங்கும். எந்த எஞ்சினோடு வண்டி வெளிவந்தது என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வது எஞ்சினின் முன்புறம், ஓட்டுநருக்கு அடுத்த இருக்கைப் பக்கத்து சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் உள்ள சிறு தட்டையான பரப்பு. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தால் எஞ்சின் கூட்டப்பட்ட தேதியும் வகைக் குறியீடும் தெரியும். மேனுவல் கியரோடு 340-க்கு ‘ஆர்ஈ’, எரிபொருளை உட்செலுத்தும் அமைப்பு (ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்) பொருத்திய 360-க்கு ‘ஆர்எஃப்’. காரின் வரிசை எண்ணும் அங்கேயே பொறித்திருக்கும். எழுத்துகளைவிட முக்கியம் அவற்றின் அடியில் இருக்கும் நுண்ணிய இணைகோடுகள். தொழிற்சாலையில் பரப்பைச் செதுக்கிய கருவியின் தடம் அது. எண்ணைத் தேய்த்தழித்து மறுபடி அடித்திருந்தால் அந்தக் கோடுகள் காணாமல்போயிருக்கும். எஞ்சினின் முக்கிய வார்ப்பு உடலான பிளாக் வார்க்கப்பட்ட தேதி எஞ்சின் கூட்டிய தேதிக்கும், அது வண்டி தயாரான தேதிக்கும் முந்தியதாக இருக்கிறதா என்றும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரே மரையால் இறுக்கப்படும் அலுமினிய ‘நாக்-ஆஃப்’ சக்கரங்கள் 1963-இன் விருப்பப் பட்டியலில் இருந்தாலும், காற்றுக் கசிவால் வாடிக்கையாளர் கைக்குப் போனவை மிகமிக அரிது. ‘தொழிற்சாலையிலேயே பொருத்தியவை’ என்று விற்பவர் சொன்னால் மற்றவற்றையும் இருமடங்கு கவனத்தோடு பாருங்கள்.

புதிதாக மெருகேற்றிய வண்டியைவிட, மங்கிய அசல் லாக்கர் பெயின்ட்டில் மெல்லிய வெடிப்புகளோடு நிற்கும் வண்டிக்கே நான் கூடுதல் விலை கொடுப்பேன். நேஷனல் கார்வெட் ரெஸ்டோரர்ஸ் சொசைட்டி நடத்தும் மதிப்பீட்டிலும் வண்டி தொழிற்சாலையிலிருந்து எப்படி வெளிவந்ததோ அப்படி இருக்கிறதா என்பதே அளவுகோல். அதைவிட அழகாக்கினால் மதிப்பெண் குறையும். முன்பணம் கொடுப்பதற்கு முன் அச்சங்கத்தில் அனுபவமுள்ள ஒருவரை அழைத்துப்போய், வண்டியை லிஃப்டில் ஏற்றிச் சேசிஸையும் பார்த்துவிடுங்கள். பிறகு ஓட்டிப் பாருங்கள். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான், டிஸ்க் பிரேக் 1965-இல்தான் வந்தது என்பதால், பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒருபக்கமாக இழுக்கிறதா என்று காலியான சாலையில் சோதிப்பது நல்லது.