லிப்பிட் இருக்கும் மருத்துவமனையைத் தேடிப் போகலாமா?

கேள்வி: தாயாருக்கு நரம்பு வலிக்காக அமிட்ரிப்டிலின் தருகிறோம். இப்படிப்பட்ட மனச்சோர்வு மாத்திரைகள் அளவு மீறி உள்ளே போனால் ‘லிப்பிட்’ என்ற கொழுப்புத் திரவத்தை ஏற்றிக் காப்பாற்றலாம் என்கிறார்கள். எங்கள் ஊர் மருத்துவமனையில் அது இல்லையென்றால் நேரே நகரத்துக்குப் போய்விடலாமா?

பதில்: கூடாது. 108-ஐ அழையுங்கள், பக்கத்தில் இருக்கும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே முதலில் போங்கள். அமிட்ரிப்டிலின் இதயத்தின் மின்னோட்டத்தையே குலைக்கும். தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தவருக்கு ஓரிரு மணி நேரத்தில் வலிப்பு வரலாம், இதயத்துடிப்பு தாறுமாறாகலாம். ஈசிஜியில் இதயத்தின் கீழறைகள் துடிப்பதைக் காட்டும் கியூஆர்எஸ் அலை 100 மில்லி செகண்டுக்கு மேல் அகன்றால் சோடியம் பைகார்பனேட் ஏற்றுவோம். மருந்து வேலை செய்யும்போது அந்த அலை மறுபடி குறுகுவதைத் திரையிலேயே பார்க்கலாம். விலை குறைந்த இந்த ஊசிதான் முதல் மருந்து.

லிப்பிட் என்பது சோயா எண்ணெயும் முட்டையின் பாஸ்போலிப்பிடும் சேர்ந்த வெண்ணிறத் திரவம். வாயால் சாப்பிட முடியாதவர்களுக்கு ஊட்டமாக ஏற்றப்படுவது. கொழுப்பில் கரையும் மருந்துகளை இதயத்திலிருந்து ரத்தத்துக்கு இழுத்துக்கொள்ளும் என்பது அதன் அடிப்படை. 2008-இல் அமெரிக்க மருத்துவர்கள் பதிவுசெய்த நிகழ்வு வியப்பானது. புப்ரோபியான் என்ற மனச்சோர்வு மாத்திரையையும் லமோட்ரிஜின் என்ற வலிப்பு மாத்திரையையும் அளவு மீறி விழுங்கிய 17 வயதுப் பெண்ணுக்கு இதயம் நின்று, சுமார் 70 நிமிடம் போராடியும் பயனில்லை. 100 மில்லி லிப்பிட் செலுத்திய ஒரு நிமிடத்தில் நாடி திரும்பியது, அவர் பிழைத்தார்.

ஆனாலும் எல்லோருக்கும் அப்படி நடப்பதில்லை. 2016-இல் சர்வதேச நச்சியல் நிபுணர் குழு, அமிட்ரிப்டிலினுக்கும் புப்ரோபியானுக்கும் இதை முதல் சிகிச்சையாக்க வேண்டாம், மற்றவை கைவிட்டால் மட்டும் தரலாம் என்றது. என் கருத்தும் அதுவே. லிப்பிட்டால் கணைய அழற்சி வரலாம், நுரையீரல் பாதிக்கப்படலாம். ரத்தமே பால்போலக் கலங்கிப் பரிசோதனை முடிவுகள் பிழையாகலாம். அதனால் ரத்த மாதிரியை முன்பே எடுத்துவிடுவோம்.

வீட்டில் உப்புக் கரைசலோ சாணிக் கரைசலோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மயங்கும் நிலையில் அது நுரையீரலுக்குள் போய்விடும். காலியான மாத்திரை அட்டைகளையும் மருந்துச் சீட்டையும் கையோடு கொண்டுவாருங்கள். மெதுவாகக் கரையும் புப்ரோபியான் என்றால் வலிப்பு பல மணி நேரம் கழித்தும் வரும். நன்றாகத்தானே இருக்கிறார் என்று வீட்டுக்கு அழைத்துப் போகக் கேட்காதீர்கள்.

வேண்டுமென்றே விழுங்கியிருந்தால், போலீசுக்குப் பயந்து மறைக்க வேண்டாம். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதுகிறது. எந்த மாத்திரை, எத்தனை, எப்போது என்பதை உள்ளபடி சொல்லுங்கள். பிறகு மனநல உதவிக்கு 14416 என்ற எண் எந்நேரமும் உண்டு.