எலும்பு கூடிவிட்டது, சைக்கிள் ஏறத்தான் பயமாக இருக்கிறது

கேள்வி: எனக்கு 43 வயது. காவேரிப்பட்டணத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். ஏழு வருடமாக விடியற்காலையில் கே.ஆர்.பி. அணை வரை சைக்கிளில் போய் வருவது பழக்கம். நான்கு மாதத்துக்கு முன் சர்வீஸ் ரோட்டில் பின்னால் வந்த டெம்போ இடித்துத் தூக்கிப் போட்டுவிட்டது. வலது தொடை எலும்பு முறிந்து உள்ளே ராடு வைத்திருக்கிறார்கள். இடது காறை எலும்பும் உடைந்து, ஆபரேஷன் இல்லாமலே கூடிவிட்டது. தலையில் அடிபட்டுக் கொஞ்ச நேரம் நினைவில்லை, ஆனால் ஸ்கேனில் ஒன்றுமில்லை. போன வாரம் எக்ஸ்ரே பார்த்த டாக்டர், எலும்பு நன்றாகக் கூடி வருகிறது, முழுதாகக் கால் ஊன்றி நடக்கலாம் என்றார். பிசியோதெரபிக்கு மூன்று வாரம் போனேன், கடையைத் திறக்க வேண்டுமே என்று நிறுத்திவிட்டேன். முட்டி பாதிதான் மடங்குகிறது. தாங்கித் தாங்கி நடக்கிறேன். லாரி ஹாரன் கேட்டால் உடம்பு தூக்கிவாரிப் போடுகிறது. ராத்திரி மூன்று மணிக்கு விழித்தால் அப்புறம் தூக்கமில்லை. சைக்கிளை விற்றுவிடு என்கிறார் மனைவி. புத்தூர் கட்டுப் போட்டால் கால் சரியாகும் என்கிறார்கள் உறவினர்கள். நான் பழையபடி ஆவேனா?

பதில்: ஆவீர்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மூன்று வாரத்தில் பிசியோதெரபியை நிறுத்தினீர்கள் பாருங்கள், அங்கேதான் சறுக்கிவிட்டது. தருமபுரியில் இத்தனை வருடமாக நான் பார்த்த தொடை எலும்பு முறிவுகளில் பாதிப் பேராவது இதே இடத்தில்தான் நிற்கிறார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு மட்டும்தான் தெரியும். சதை எவ்வளவு வற்றியிருக்கிறது, மூட்டு எவ்வளவு இறுகியிருக்கிறது, மனசு எங்கே மிரண்டு நிற்கிறது என்பதெல்லாம் அந்தப் படத்தில் வராது. எலும்பு தானாகக் கூடும். மற்றதெல்லாம் நாம் வேலை வாங்கினால்தான் திரும்பி வரும்.

முதலில் நடையைப் பார்ப்போம். உங்கள் இடுப்புக்குப் பக்கவாட்டில், சற்று மேலே, சின்னதாக ஒரு தழும்பு இருக்கிறதா? இருந்தால் அந்த வழியாகத்தான் ராடை இறக்கியிருப்பார்கள். நடக்கும்போது இடுப்பு ஒரு பக்கம் சாயாமல் பிடித்துக்கொள்கிற சதை அங்கேதான் இருக்கிறது. அது பலவீனமாக இருந்தால் வலது காலை ஊன்றும்போதெல்லாம் உடம்பு ஆடும். எலும்பு குட்டையாகிவிட்டது என்று பலர் பயப்படுவது இந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான். அளவு நிஜமாகவே குறைந்திருக்கிறதா என்பதை டாக்டர் அளந்து சொல்வார். 2 சென்டிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் செருப்பில் ஒரு பட்டை வைத்தே சரிசெய்துவிடலாம்.

அந்தச் சதைக்கு ஒரே வேலைதான். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, வலது காலை மடக்காமல் மேலே தூக்கி, ஐந்து எண்ணும் வரை நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். குதிகால் உடம்புக்கு நேராக இருக்கட்டும், முன்னால் வரக் கூடாது. பத்து முறை, காலையும் மாலையும். இடது தோள் அழுத்தம் தாங்கவில்லை என்றால், நின்றபடி கடை மேசையைப் பிடித்துக்கொண்டு காலைப் பக்கவாட்டில் தூக்கலாம்.

அந்த ஆட்டம் நிற்கும் வரை கைத்தடி பிடியுங்கள். எந்தக் கையில் என்று கேட்டால் பத்துக்கு எட்டுப் பேர் அடிபட்ட கால் பக்கம் என்பார்கள். தப்பு. உங்களுக்கு அடி வலது காலில், தடி இடது கையில்தான் இருக்க வேண்டும். தடியும் வலது காலும் சேர்ந்தே முன்னால் போகட்டும். இடது காறை எலும்பு கூடிவிட்டதால் இதில் சிரமம் இருக்காது. தோளில் வலி வந்தால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில்.

இப்போது முட்டி. கடைக்காரரான உங்களுக்கு அளவுகோல் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, இதற்கும் ஒரு அளவு வேண்டும். சிமென்ட் தரையில் சுவரில் முதுகைச் சாய்த்துக் கால் நீட்டி உட்காருங்கள். வலது குதிகாலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவரைப் போட்டால் வழுக்கிக்கொண்டு நகரும். ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி இரண்டு கையாலும் பிடித்து, குதிகாலை உங்களை நோக்கி இழுங்கள். இழுப்பு தெரியும், வலி தாங்கும்படி இருக்கும், அந்த இடத்தில் 15 விநாடி நிறுத்துங்கள். குதிகால் நின்ற இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நாளைக்கு அந்தக் கோட்டை ஒரு விரல் கடை தாண்டினால் போதும். பென்னாகரம் பக்கம் ஒரு பால்காரர் இப்படித் திண்ணையில் போட்ட கோடுகளை அவர் வீட்டில் யாரையும் கழுவ விடவில்லை. ஐந்து வாரத்தில் 23 கோடுகள். கடைசிக் கோட்டைக் காட்டும்போது அந்த மனிதரின் கை நடுங்கியது.

சைக்கிள் பெடலை முழு வட்டம் சுற்ற முட்டி சுமார் 110 டிகிரி மடங்க வேண்டும். உங்கள் பாதி மடக்கத்தில் அது வராது, அதனால் இப்போது முயற்சியும் வேண்டாம். சம்மணம் போடுவதும், குந்தி உட்காருவதும் அதற்கும் பிறகுதான். அதுவரை கழிப்பறையில் நாற்காலி வைத்துக்கொள்ளுங்கள்.

முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, தொடையின் முன்பக்கச் சதையை இறுக்கி, துண்டைக் கீழே அழுத்தி ஐந்து எண்ணுங்கள். பார்க்கச் சின்ன வேலைதான், ஆனால் தொடைக்கு உயிர் கொடுப்பது இதுதான். கல்லாவில் உட்கார்ந்தபடியே செய்யலாம், கடையைச் சாக்குச் சொல்ல முடியாது! தையல்காரர் டேப்பால் முட்டிச்சில்லுக்கு 10 சென்டிமீட்டர் மேலே இரண்டு தொடையையும் சுற்றி அளந்து எழுதி வையுங்கள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை அளந்தால் போதும்.

எவ்வளவு செய்யலாம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பயிற்சியால் வந்த வலி மறுநாள் அதே நேரத்துக்குள் அடங்கிவிட்டால் அளவு சரி. அடங்காமல் முட்டி வீங்கினால் அடுத்த நாள் பாதியாகக் குறையுங்கள். முழுக்க நிறுத்திவிடாதீர்கள்.

பிசியோதெரபிக்குப் போய்வரக் கடையை மூட வேண்டியிருக்கிறது என்றால், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் பற்றிக் கேளுங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று அந்தத் திட்டம் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும் அதில் ஒரு பகுதி. நீங்கள் நடமாடுகிறவர்தான், ஆனாலும் பக்கத்திலேயே என்ன வசதி இருக்கிறது என்பது தெரியவரும்.

புத்தூர் கட்டு விஷயம். நம் பக்கத்தில் கை கால் முறிந்தால் பஸ் ஏறிப் புத்தூர் போவது இரண்டு மூன்று தலைமுறைப் பழக்கம், உறவினர்கள் அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் உங்கள் எலும்பை உள்ளே இருக்கும் ராடே பிடித்திருக்கிறது. வெளியே இறுக்கிக் கட்டினால் மடங்கவேண்டிய முட்டியை மறுபடி பூட்டுவதாகத்தான் ஆகும். எண்ணெய் போட்டு வலுவாக உருவுவது, யாராவது காலைப் பிடித்து வெடுக்கென்று மடக்குவது இரண்டும் கூடவே கூடாது.

சாப்பாட்டில் நமக்குக் குறையே இல்லை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. மதியம் களியும் கீரையும், கூடவே கொள்ளோ அவரையோ, தினம் ஒன்றிரண்டு முட்டை. முட்டை சாப்பிட்டால் புண் சீழ் பிடிக்கும் என்று பத்தியம் போடுகிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள், சதை வளரப் புரதம் வேண்டும். ஆட்டுக்கால் சூப் ருசிக்காகக் குடியுங்கள், அதுவே மருந்து என்று நம்பி இருந்துவிடாதீர்கள். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். எலும்பு கூடுவதை அது தாமதப்படுத்தும்.

சரி, இப்போது ஹாரன். உங்கள் கடிதத்தில் காலைப் பற்றி எழுதியதைவிட இதைத்தான் கூச்சத்தோடு எழுதியிருக்கிறீர்கள். கூச்சப்பட ஒன்றுமே இல்லை. பின்னாலிருந்து வந்த வண்டியை நீங்கள் பார்க்கவில்லை, சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கும். அந்தச் சத்தத்தை உடம்பு ஆபத்து என்று எழுதி வைத்துக்கொண்டது. அதனால்தான் நீங்கள் யோசிக்கும் முன்பே தூக்கிவாரிப் போடுகிறது. முதல் மாதம் இது யாருக்கும் வரும், பலருக்குத் தானே அடங்கிவிடும். நான்கு மாதம் கழித்தும் தூக்கத்தைக் கெடுக்கிறது என்றால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. அதிர்ச்சிக்கென்றே உள்ள பேச்சு சிகிச்சைகள் நன்றாகப் பலன் தருகின்றன, தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. மாவட்டத் தலைமையிடத்து அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. முதலில் போனில் பேசிப் பார்க்கலாம் என்றால் 14416, டெலிமானஸ் என்கிற மனநல உதவி எண். 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை வாங்கிப் போடுவதும், தூக்கத்துக்காகக் கொஞ்சம் குடிப்பதும் நிலைமையை மோசமாக்கும். வாழ்க்கையே வேண்டாம் என்கிற நினைப்பு ஒரு நொடி வந்தால்கூட அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள்.

பயந்த கோளாறு என்று மந்திரித்துக் கயிறு கட்டச் சொல்வார்கள். ஆறுதலாக இருந்தால் கட்டிக்கொள்ளுங்கள், டாக்டரையும் பாருங்கள்.

நீங்களாகச் செய்யவேண்டியது ஒன்று உண்டு. பயம் வரும் இடத்தை ஒதுக்க ஒதுக்க அது பெரிதாகும். அதற்காக நாளைக்கே சர்வீஸ் ரோட்டில் போய் நிற்கச் சொல்லவில்லை. சாயங்காலம் கடை வாசலில் ஸ்டூல் போட்டு ரோட்டைப் பார்த்து உட்காருங்கள். வண்டிச் சத்தம் கேட்கட்டும். நெஞ்சு படபடக்கும், கை வேர்க்கும். எழுந்து உள்ளே போகாமல், படபடப்பு பாதியாகக் குறையும் வரை இருங்கள். பெரும்பாலும் இருபது முப்பது நிமிடத்தில் குறைந்துவிடும். அது பழகியதும் ரோட்டோரம் நடை. அப்புறம் விபத்து நடந்த இடத்துக்கு ஒரு நாள் ஆட்டோவில், துணைக்கு ஒருவரோடு. ஒரு படி லேசாகும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். அந்தக் காட்சி கண்ணெதிரே ஓடி நீங்கள் நிலைகுலைந்து போனால் தனியாகத் தொடராமல் மருத்துவர் துணையோடு செய்யுங்கள்.

மனைவியோடு சைக்கிளை விற்பதா வேண்டாமா என்ற வாதத்தை இப்போதைக்கு விடுங்கள். அன்று காலை போன் வந்தபோது அவர் என்ன செய்துகொண்டிருந்தார், யார் சொன்னது, எப்படி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார் என்று எப்போதாவது கேட்டீர்களா? கேளுங்கள். குறுக்கே பேசாமல் கேளுங்கள். பல வீடுகளில் அடிபட்டவர் ஒருவர், இரவில் தூங்காதவர்கள் இரண்டு பேர்.

உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய அறிகுறிகளைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், திடீரென்று மூச்சு வாங்கினால் அல்லது நெஞ்சு வலித்தால், தழும்பில் சீழோ காய்ச்சலோ வந்தால், குறைந்த வலி ஒரே நாளில் ஏறினால் தாமதிக்காதீர்கள். தலையில் அடிபட்டவர் என்பதால் கூடிக்கொண்டே போகும் தலைவலி, வாந்தி, அசாதாரணத் தூக்கக் கலக்கம், வலிப்பு இவற்றையும் அலட்சியப்படுத்த வேண்டாம். வாரக்கணக்கில் கழித்தும் உள்ளே ரத்தம் தேங்குவது உண்டு.

என் துறை இல்லைதான், ஆனாலும் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள திருத்தப்படி, விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும். உங்களுக்கு நான்கு மாதம் போய்விட்டது. எஃப்.ஐ.ஆர். நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள், எக்ஸ்ரே எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு இந்த வாரமே வழக்கறிஞரைப் பாருங்கள். செலவு பிரச்சினை என்றால் கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவில் விசாரிக்கலாம்.

கடைசியாக சைக்கிள். டாக்டர் சம்மதித்து, முட்டியும் 110 டிகிரியைத் தாண்டிய பிறகு, முதலில் பிசியோதெரபி மையத்தில் நிலையான சைக்கிள், சீட்டை உயர்த்தி வைத்து, ஐந்து நிமிடம். வீட்டில் ஸ்டாண்டு போட்டு ஏறி மிதிக்காதீர்கள், சாய்ந்தால் எலும்புக்கு ஆபத்து. அடிபட்ட வண்டியைக் கடையில் கொடுத்து ஃபோர்க், ஹேண்டில், வீல் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். அன்று போட்டிருந்த ஹெல்மெட் வெளியே கீறல் இல்லாவிட்டாலும் தூக்கிப் போடுங்கள்; உள்ளே இருக்கும் தெர்மாகோல் ஒரு அடியைத்தான் தாங்கும். பின்பக்கம் சிவப்பு விளக்கு மாட்டுங்கள், மார்கழிப் பனியில் நம் பக்கம் பத்தடி தூரத்தில் ஆள் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கும் பள்ளி மைதானத்தில் முதல் சுற்று. மனைவியையும் கூட்டிப் போங்கள்.

அதற்கு இன்னும் இரண்டு மூன்று மாதம் ஆகலாம். இப்போதைக்குச் சாக்பீஸை எடுங்கள். இரண்டு வாரம் கழித்துக் கோடு எத்தனை விரல் கடை நகர்ந்தது என்று எழுதுங்கள்.